பலம் தராத உடுப்புக்கு ஏன் இத்தனை விலை?

தலவாக்கலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. உயர்தரம் படிக்கும் அவருடைய தம்பி, ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டொன்றில் (ஆர்.பி.ஜி. என்பார்கள்) தன் பாத்திரத்துக்கு உடுப்பும் தொப்பியும் குதிரையும் வாங்கிச் சேர்க்கிறார். அவை சண்டையில் எந்தப் பலமும் தருவதில்லை. இருந்தும் விளையாட்டுக்குள் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த நாணயத்தை அவற்றுக்கே செலவிடுகிறார்; சில தடவைகள் ஹட்டன் நகரத்துக் கொமினிகேஷன் கடையில் உண்மைக் காசு கொடுத்தும் வாங்கியிருக்கிறார். கண்டித்தால், இது முதலீடு, நாளைக்கு விலை ஏறும் என்கிறார். இதில் நியாயம் ஏதும் உண்டா, அந்தப் பொருள்களைக் கடைசியில் காசாக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நியாயம் உண்டு, ஆனால் தம்பி காட்டும் இடத்தில் அது இல்லை. நான் பண்டாரவளையில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். இந்த விளையாட்டுகளை ஆடியும் அவற்றின் சந்தைகளைக் கவனித்தும் நெடுங்காலமாக வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அத்தகைய உலகங்களின் பொருளாதாரம் சரியாமல் நிற்பதற்கு உடுப்பு மீதான ஆசை பெரிய காரணம், அந்த ஆசையைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குவது சரியன்று. ஆனால் அந்தப் பெறுமதி விளையாட்டுக்குள் பிறந்து அங்கேயே வாழ்வது. அதை வங்கிப் புத்தகத்தில் வைத்துப் பார்க்க நினைப்பதில்தான் தம்பி வழுக்குகிறார்.

பலம் தரும் பொருள்களுக்கு என்ன நேர்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வாளுக்கும் கவசத்துக்கும் இந்த உலகங்களில் எண்கள் உண்டு. எண் கூடினால் பலம் கூடும். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்ற விளையாட்டு 2004 நவம்பரில் வெளியானது. நாற்பது பேர் ஒரு குழுவாகத் திரண்டு, வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, பெரும் பகைவர்களை வீழ்த்திப் பெற்ற கவசங்களே அப்போது அதன் உச்சம். 2007 ஜனவரியில் முதல் விரிவாக்கம், அதாவது விளையாட்டோடு சேர்க்கப்படும் புதிய பகுதி, வந்தபோது, புதிய நிலப்பரப்பில் கால் வைத்த எவருக்கும் முதல் சில பணிகளுக்குக் கூலியாகக் கிடைத்த சாதாரணப் பொருள்களே அந்தக் கவசங்களில் பலவற்றுக்கு ஈடாகவோ மேலாகவோ இருந்தன. பழையவர்களுக்கு இது வலித்தது; ஆனால் நிறுவனத்துக்கு வேறு வழியில்லை. புதிதாக வருபவரும் திரும்பி வருபவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்காவிட்டால் உலகம் மெல்ல வெறிச்சோடிவிடும். ஆகவே பலம் தரும் பொருள், பிறக்கும்போதே தன் காலாவதித் திகதியோடு பிறக்கிறது.

தோற்றத்துக்கு எண் இல்லை. அதனால் அதை எந்த விரிவாக்கமும் தோற்கடிப்பதில்லை. அதே விளையாட்டில் 2011 நவம்பரில், அணிந்திருக்கும் கவசத்தின் பலத்தை வைத்துக்கொண்டு அதன் தோற்றத்தை மட்டும் வேறொரு கவசத்தின் தோற்றமாக மாற்றும் வசதி வந்தது. உடனே, ஆட்டக்காரர்கள் தமக்குள் பொருள் விற்கும் ஏலக்கூடத்தின் முகம் மாறிற்று. கடைக்காரரிடம் சில வெள்ளிக் காசுக்குத் தள்ளிவிடப்பட்டுக்கொண்டிருந்த தாழ்ந்த நிலைக் கவசங்கள், வடிவம் அழகாக இருந்தது என்பதற்காக மட்டும், பல மடங்கு விலைக்குப் போயின. பழைய குகைகளுக்கு மீண்டும் ஆள் போகத் தொடங்கியது. பலத்தின் கணக்கில் செத்துப்போன ஒரு சரக்குத் தொகுதி முழுவதும் தோற்றத்தின் கணக்கில் உயிர் பெற்றது. அதற்காக நிறுவனம் ஒரு புதிய பொருளைக்கூட வரைய வேண்டியிருக்கவில்லை.

இந்த உண்மையை முன்கூட்டியே அறிந்து தன் உலகத்தை அமைத்த விளையாட்டு, 2005 ஏப்ரலில் வந்த கில்ட் வோர்ஸ். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது பயன் தரும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சோதனைக்கூடம் எனக்குத் தெரியாது. அதில் கவசத்தின் காப்புக்கு ஓர் உச்ச வரம்பு இருந்தது. அந்த வரம்பை எட்டுவது கடினமன்று. வரம்பை எட்டிய கவசம் ஒரு துண்டுக்கு 1,500 பொற்காசு கூலியில் செய்து தரப்பட்டது. அதே காப்பைத் தரும், எண்ணளவில் ஒரு புள்ளிகூட மேலில்லாத, ஆனால் பார்வைக்கு வேறுபட்ட கவசம் ஒரு துண்டுக்கு 15,000 பொற்காசு. பத்து மடங்கு விலை. பலத்தில் வேறுபாடு பூச்சியம். அதற்கும் மேலே, எரிமலைக் கண்ணாடிபோல் கறுத்து மின்னும் ஒரு கவசம் இருந்தது. அதைச் செய்விக்க அரிய படிகத் துண்டுகளும், எக்டோபிளாசம் என்ற ஒளிரும் உருண்டைகளும் பெருந்தொகையாக வேண்டும். அதற்கும் பலம் அதே அளவுதான். ஆட்டக்காரர்கள் அதைச் செய்வதற்காக மாதக்கணக்கில் உழைத்தார்கள்.

இங்கேதான் பொருளியல் மாணவர் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று நடந்தது. இரண்டு பேர் நேருக்கு நேர் வியாபாரம் செய்யும்போது ஒரு தடவைக்கு 100,000 பொற்காசுக்கு மேல் கைமாற்ற அந்த விளையாட்டு இடம் தரவில்லை. விலையுயர்ந்த பொருள்களின் விலை அந்த எல்லையைத் தாண்டியபோது, மிகுதியை எதில் கொடுப்பது? ஆட்டக்காரர்கள் தாமாகவே எக்டோபிளாசத்தைப் பணமாக்கிக்கொண்டார்கள். இத்தனை உருண்டை என்று விலை பேசப்பட்டது. சிறியது, அடுக்கி வைக்கலாம், ஒன்றுக்கொன்று வேறுபாடில்லை, எளிதில் கிடைக்காது என்ற பணத்துக்குரிய பண்புகள் அதற்கு இருந்தன. ஆனால் அதை ஒருவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்ததற்கு அடிப்படைக் காரணம், அந்த அழகிய கவசத்தைச் செய்ய நினைக்கும் எவரோ ஒருவர் அதை எப்போதும் வாங்குவார் என்ற நம்பிக்கை. பலம் தராத ஓர் உடுப்பின் மீதிருந்த ஆசை, ஒரு நாணயத்துக்குப் பின்னால் நின்று அதற்குப் பெறுமதி கொடுத்தது. கறுப்புச் சாயப் புட்டிகளும் அதே விளையாட்டில் கிட்டத்தட்ட இதே நிலையில் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாயம் ஒன்று சேமிப்பாக இருந்த உலகம் அது.

உடுப்புக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு நம் தோட்டங்களிலிருந்தே பதில் சொல்லலாம். மலையில் கொழுந்து பறிக்கும் பெண் இடுப்பில் கட்டும் படங்கு, அட்டையிலிருந்தும் முள்ளிலிருந்தும் பனி ஈரத்திலிருந்தும் அவரைக் காக்கிறது. வேலைக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் அவர் நகரத்துக்குப் போய் வாங்குவது படங்கை அன்று. பிள்ளைகளுக்குப் புது உடுப்பும் தனக்கொரு சேலையும் வாங்குகிறார். அந்தச் சேலை எந்த அட்டையையும் தடுக்காது. ஆனால் லயத்து வாசலில் நாலு பேர் பார்க்கும்போது, இந்த வருடத்தை நாங்கள் தாண்டிவிட்டோம் என்று அது சொல்கிறது. இதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. மற்றவர்களோடு சேர்ந்து வாழும் எந்த இடத்திலும், அது மலையானாலும் திரைக்குள் இருக்கும் நகரமானாலும், மனிதர் தம்மைக் காட்டிக்கொள்ள உடுப்பை நாடுவார்கள். தனியாக ஆடும் விளையாட்டில் இந்த ஆசை மிகச் சிறிது. பார்ப்பதற்கு ஆள் இருக்கும்போதுதான் அது விலையாக மாறுகிறது.

அடுத்து, உடுப்பு எப்படிப் பொருளாதாரத்தைத் தாங்குகிறது என்ற கேள்வி. இந்த உலகங்களில் பணம் பிறக்கும் விதமே விபரீதமானது. அரக்கனை வீழ்த்தினால் அவனிடமிருந்து காசு விழுகிறது. அந்தக் காசு யாருடைய பையிலிருந்தும் வரவில்லை, அந்தக் கணத்தில் புதிதாகப் பிறக்கிறது. இலட்சக்கணக்கான பேர் நாள் முழுவதும் அரக்கர்களை வீழ்த்துகிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் நோட்டு அச்சடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால், பணவீக்கம் ஏன் இவ்வுலகங்களின் பிறவி நோய் என்பது விளங்கும். 2022இல் விலைகள் வாரத்துக்கு வாரம் ஏறியதைக் கண்ட நமக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை. டயப்லோ 2 விளையாட்டில் பொற்காசு மதிப்பிழந்து போனதால் ஆட்டக்காரர்கள் அதைக் கைவிட்டு, ஜோர்டான் கல் என்ற மோதிரத்தையே நாணயமாகப் பயன்படுத்தினார்கள். பிறகு அந்த மோதிரத்தையும் சிலர் மோசடியாக நகலெடுத்துப் பெருக்கினார்கள்.

ஆகவே பிறக்கும் பணத்தை உலகத்திலிருந்து வெளியேற்றும் வடிகால் ஒன்று வேண்டும். பழுதுபார்ப்புக் கட்டணம், பயணக் கட்டணம், சந்தை வரி என்று பல வழிகள் உண்டு. கில்ட் வோர்ஸ் 2 விளையாட்டின் சந்தையில் ஒரு பொருளை விற்றால் அதன் விலையில் 15 சதவீதம், பட்டியலிடும்போது 5, விற்றதும் 10 என்று, காற்றில் கரைந்து போகிறது. பழைய பாணி ரூன்ஸ்கேப் விளையாட்டில் சந்தை வரியாகப் பெற்ற காசைக் கொண்டு நிறுவனமே சில பொருள்களை வாங்கி அழிக்கிறது. பணத்தையும் சரக்கையும் ஒரே அடியில் குறைக்கும் அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வரிக்கும் கட்டணத்துக்கும் ஒரு குறை உண்டு. அவை எல்லோரையும் ஒரே விகிதத்தில் தொடுவதால், நேற்று வந்த ஏழை ஆட்டக்காரரையே அதிகம் வருத்துகின்றன. பலத்தை விலைக்கு வைத்தால் இன்னும் மோசம். பணக்காரர் இன்னும் பலசாலியாகி, மற்றவர்கள் சலித்து வெளியேறுவார்கள்.

தோற்றத்துக்கு வைக்கும் விலையில் இந்த இரண்டு கேடும் இல்லை. யாரிடம் காசு மிகுந்து கிடக்கிறதோ அவரே விரும்பி வந்து கொட்டுகிறார். கொட்டியதால் அவர் மற்றவரை அடிக்கும் பலம் கூடுவதில்லை. 2018இல் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் முதுகில் ஏலக்காரரைச் சுமந்து திரியும் பிரமாண்டமான ஒரு வாகன மிருகம் 50 இலட்சம் பொற்காசுக்கு விற்பனைக்கு வந்தது. நின்ற இடத்திலேயே சந்தைக்குப் போகும் வசதி அதில் உண்டென்றாலும், நகரத்தின் நடுவில் அதன் மேல் ஏறி நிற்பவர் காட்டுவது தன் செல்வத்தைத்தான். பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்த பொற்காசு அதன் வழியே உலகத்தை விட்டு வெளியேறியது. ஒரு மத்திய வங்கி இப்படி, செல்வந்தர்கள் மகிழ்ச்சியோடு வரிசையில் நின்று செலுத்தும் வரியொன்றைக் கண்டுபிடித்தால் அது பெரும் சாதனையாகப் பேசப்படும்.

உடுப்பு இன்னொரு வேலையும் செய்கிறது: தொழிலாளருக்கு வேலை கொடுக்கிறது. சிறந்த கவசம் அரக்கனின் பெட்டியிலிருந்தே கிடைக்கும் உலகத்தில், தையற்காரராகவோ கொல்லராகவோ ஆட விரும்புபவருக்குச் செய்ய எதுவும் மிஞ்சாது. 2003இல் தொடங்கி 2011 டிசம்பரில் மூடப்பட்ட ஸ்டார் வோர்ஸ் கலக்ஸீஸ் விளையாட்டில் உடை தைப்பதே ஒரு முழுநேரத் தொழிலாக இருந்தது; சண்டைக்கே போகாமல் கடை வைத்துப் பெயர் எடுத்தவர்கள் இருந்தார்கள். ஃபைனல் ஃபேண்டசி 14 விளையாட்டில் 2014 மார்ச்சில் தோற்றம் மாற்றும் வசதி வந்தபோது, அதற்கு வேண்டிய பளிங்குப் பட்டகங்களைச் செய்பவர்களாகக் கைவினை ஆட்டக்காரர்களையே அமைத்தார்கள். புதிய உள்ளடக்கம் வரும்போதெல்லாம் பலமேதும் தராத, அழகுக்கு மட்டுமான ஆடைகளின் செய்முறைகளும் சேர்ந்து வருகின்றன. முதல் சில நாள்களில் அவற்றை நெய்து விற்பவர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். ஆழ்ந்த கறுப்பும் தூய வெள்ளையும் ஆகிய இரண்டு சாயங்கள் அங்கே நெடுங்காலம் உயர்ந்த விலையில் நின்றவை. அந்த விளையாட்டை ஆடுபவர்கள், உண்மையான இறுதிக் கட்டம் உடுத்திக்கொள்வதுதான் என்று பாதி விளையாட்டாகச் சொல்வார்கள். அதன் சந்தையைப் பார்த்தவர் மற்றப் பாதியையும் நம்புவார்.

எல்லா உலகங்களும் உடுப்பை இந்த அளவுக்கு நம்பியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈவ் ஒன்லைன், அல்பியன் ஒன்லைன் போன்றவற்றில் சண்டையில் தோற்றால் கப்பலோ கவசமோ உண்மையிலேயே போய்விடும். அழிவே புதிய தேவையை உருவாக்கிக்கொண்டிருக்கும். அழிவு இல்லாத உலகங்களில்தான் அந்த இடத்தை ஆசை நிரப்ப வேண்டியிருக்கிறது.

இனி, விலை ஏறும் என்ற தம்பியின் வாதம். அவர் மனத்தில் பெரும்பாலும் ரூன்ஸ்கேப் விளையாட்டின் கடதாசித் தொப்பி இருக்கும். 2001 கிறிஸ்மஸுக்கு அந்த விளையாட்டின் தரையில் பட்டாசுப் பொட்டலங்கள் இலவசமாகச் சிதறிக் கிடந்தன. இருவர் சேர்ந்து இழுத்தால் ஒருவருக்குக் கடதாசியாலான வண்ணத் தொப்பி கிடைக்கும். பலம் எதுவும் இல்லை. பலர் அதை எறிந்தார்கள். பலர் விளையாட்டையே விட்டுப் போனார்கள். நிறுவனம் அந்தத் தொப்பியை அவ்வடிவில் மீண்டும் வெளியிடவில்லை. ஆண்டுகள் போகப் போக, ஒரே குவியலாக வைத்திருக்கக்கூடிய ஆகக்கூடிய காசான 2,147,483,647ஐயும் தாண்டி அதன் விலை போனது. கணினி எண்ணும் எல்லைக்கு வெளியே போனதால், காசோடு வேறு பொருள்களையும் சேர்த்துக் கொடுத்தே அதை வாங்க வேண்டியிருந்தது. அதை அணிந்து நிற்பவர் ஒன்று ஆதியிலிருந்தே இருப்பவர், அல்லது பெருஞ்செல்வர். வேறு விளக்கம் இல்லை.

இந்தக் கதையைக் கேட்டு எந்த அரிய பொருளும் ஏறும் என்று முடிவு செய்வது தவறு. அந்தத் தொப்பி ஏறியதற்கு மூன்று காரணங்கள் ஒருசேர இருந்தன: அதை ஒருவர் மற்றவருக்கு விற்க முடிந்தது, வெளியானபோது அதன் பெறுமதி எவருக்கும் தெரியாததால் பெரும்பகுதி அழிந்தது, நிறுவனம் தன் கையைக் கட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதுதான் முக்கியம். நுவரெலியாவில் காணியின் அளவை எவராலும் கூட்ட முடியாது. ஆனால் விளையாட்டுப் பொருளின் அருமை, நிறுவனம் ஒரு விசையைத் தட்டாமல் இருப்பதில் தங்கியிருக்கிறது. இலாபம் குறையும் ஒரு காலாண்டில் அந்த விசை தட்டப்படும். முன்பு சொன்ன 50 இலட்சம் பொற்காசு மிருகம் 2020இல் கடையிலிருந்து எடுக்கப்பட்டு அரிய பொருளாயிற்று. 2024இல் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மிருகத்தை நிறுவனம் 90 டொலருக்கு உண்மைக் காசுக்கே விற்றது. மேலும், தம்பி வாங்கும் உடுப்புகள் நிறுவனக் கடையில் வாங்கியவை என்றால், அவற்றில் பல வாங்கியவரின் கணக்கோடு பிணைக்கப்பட்டவை. இன்னொருவருக்கு விற்கவே முடியாது. விற்க முடியாத ஒன்றை முதலீடு என்று அழைக்க முடியாது. மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் காசு கொடுத்து வாங்கும் உடுப்புகளில் பெரும்பாலானவை 90 நாள்களில் காலாவதியாகிவிடும் என்ற நடைமுறையே நெடுங்காலம் இருந்தது.

நிறுவனக் கடை பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. 2010 ஏப்ரலில் 25 டொலருக்கு ஒளிரும் விண்மீன் குதிரையொன்றை வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விற்றபோது, மக்கள் இணையத்தில் நீண்ட வரிசையில் காத்திருந்து வாங்கினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் ஈவ் ஒன்லைன் ஒற்றைக் கண்ணாடி ஒன்றுக்கு 60 டொலருக்கு மேல் விலை வைத்தபோது, ஆட்டக்காரர்கள் அந்த உலகத்தின் பெரிய சந்தை மையமான ஜிட்டாவில் திரண்டு, அங்கிருந்த நினைவுச் சின்னத்தை மணிக்கணக்கில் சுட்டுத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். பலம் தராத ஒரு கண்ணாடிக்கு ஏன் இந்தக் கோபம்? நிறுவனத்துக்குள்ளிருந்து கசிந்த ஒரு பத்திரம், அடுத்ததாகப் பலமும் விலைக்கு வரலாம் என்ற அச்சத்தைக் கிளப்பியது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் இதைவிட ஆழமானதாகக் கருதுகிறேன். ஒரு கவசத்தைப் பார்த்ததும், இவர் இன்ன மலையை ஏறியவர், இன்ன குழுவோடு நின்றவர், இன்ன ஆண்டிலிருந்து இங்கே இருப்பவர் என்று மற்றவர்கள் அறிந்துகொள்வதே இந்த உலகங்களில் உடுப்பின் பயன். கடையில் வாங்கியது ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும்: இவரிடம் கடன் அட்டை இருக்கிறது. கடைச் சரக்கு பெருகப் பெருக, உழைத்துப் பெற்ற உடுப்பையும் மக்கள் கடைச் சரக்காகவே பார்க்கத் தொடங்குகிறார்கள். உடுப்பின் மதிப்பைச் சுரண்டிச் சுரண்டி விற்பவர், கடைசியில் அந்த மதிப்பு பிறந்த ஊற்றையே வற்றச் செய்கிறார். நிறுவனங்களுக்கு வருமானம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பலத்தை விற்பதைவிட உடுப்பை விற்பது மேல் என்பதும் உண்மை. பாத் ஒஃப் எக்ஸைல் என்ற விளையாட்டு அந்த வழியில்தான் 2013 முதல் இலவசமாக நடந்து வருகிறது. ஆயினும் ஓர் உலகத்தின் மிகச் சிறந்த கவசங்கள் உழைப்புக்கு வைக்கப்பட்டிருக்கின்றனவா, கடைக்கு வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தே நான் அதில் நேரம் செலவிடுவேன்.

அதிர்ஷ்டப் பெட்டிகளைப் பற்றி ஒரு வரி போதும்: காசு கொடுத்தும் என்ன கிடைக்கும் என்று தெரியாத எதையும் தம்பி வாங்கக் கூடாது. பெல்ஜியம் 2018இல் அவற்றைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தென்கொரியாவின் வணிகப் போட்டி ஆணையம் 2024 ஜனவரியில், பொருள் கிடைக்கும் நிகழ்தகவை ஆட்டக்காரருக்கு அறிவிக்காமல் மாற்றியதற்காக மேப்பிள்ஸ்டோரியை நடத்தும் நெக்ஸன் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வொன் தண்டம் விதித்தது.

விலையை நம் மண்ணில் வைத்தும் பார்க்க வேண்டும். 25 டொலர் குதிரை, டொலர் ஒன்று 300 ரூபா என்று கொண்டால் 7,500 ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஐந்தரை நாள் மலையில் நின்றால்தான் அந்தக் குதிரை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது, விலைப்பட்டியலில் ஒரு சதமும் மாறாத அதே உடுப்பு நமக்கு எண்பது சதவீதம் ஏறியது. அமெரிக்காவில் ஒரு மாணவர் பகுதிநேர வேலையின் சில மணித்தியாலங்களில் வாங்குவதை நம் பிள்ளை ஒரு வாரத்து வீட்டுச் செலவில் வாங்குகிறார். இந்த வேறுபாட்டைத் தம்பிக்கு எண்களோடு காட்டுங்கள். திட்டுவதைவிட அது பலன் தரும். பொருளியல் படிப்பவராக இருந்தால் அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

காசாக்க முடியுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இந்த உலகங்களின் உழைப்புக்கு வெளியுலகில் விலை உண்டென்பது புதிய செய்தியன்று. 2001இல் பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா, எவர்குவெஸ்ட் விளையாட்டின் பொருள்கள் வெளியே ஏலத்தில் போன விலைகளைக் கொண்டு கணித்து, அந்தக் கற்பனை நாட்டின் தலா உற்பத்தி 2,266 டொலர் என்றும், அது ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட நிலை என்றும் காட்டினார். வெனிசுவேலாவில் நாணயம் சரிந்தபோது பலர் பழைய பாணி ரூன்ஸ்கேப்பில் தங்கம் சேர்த்து வெளியே விற்று வீட்டுச் செலவைப் பார்த்தார்கள். ஆனால் அது விளையாட்டின் விதிகளுக்கு முரணானது; பிடிபட்டால் கணக்கே முடக்கப்படும். ஒப்பந்தத்தின்படி பெரும்பாலான விளையாட்டுகளில் பொருள்கள் நிறுவனத்தின் உடைமை. ஆட்டக்காரருக்கு இருப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. உண்மைக் காசுச் சந்தையை நிறுவனமே நடத்திப் பார்த்த பெரிய முயற்சி, 2012இல் டயப்லோ 3 விளையாட்டில் திறந்த ஏலக்கூடம். வேண்டியதைக் காசுக்கு வாங்க முடிந்ததும் அரக்கர்களோடு போரிட ஆட்டக்காரருக்குக் காரணம் குறைந்தது; 2014 மார்ச்சில் நிறுவனம் அதை மூடியது.

எதிர்த்திசையில் செல்லும், விதிக்கு உட்பட்ட வழியொன்று உண்டு. நம் பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தமானது. ஈவ் ஒன்லைனில் 2008 முதலும், ரூன்ஸ்கேப்பில் 2013 முதலும், வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் 2015 முதலும், காசுள்ள ஒருவர் நிறுவனத்திடம் ஒரு சீட்டை வாங்கி விளையாட்டுக்குள் விற்கலாம்; நேரமுள்ள ஒருவர் தன் பொற்காசைக் கொடுத்து அதை வாங்கித் தன் மாதச் சந்தாவைக் கட்டிக்கொள்ளலாம். அந்த வழியில் டொலர் ஒன்றும் வீட்டிலிருந்து போகாது; தோற்றத்துக்காகச் செய்யும் சந்தை வேலை, நெசவும் சாயமும் வாங்கி விற்பதும், சந்தாவாகத் திரும்பி வரும். ஆனால் அந்தப் பெறுமதி ரூபாவாக மாறி வெளியே வராது என்பதைத் தம்பி தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

அவர் ஆடும் விளையாட்டின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. அது ஃபைனல் ஃபேண்டசி 14 என்றால், அல்லது அதற்கு மாற அவர் விரும்பினால், அதன் இலவசப் பதிப்பை ஒரு மாதம் ஆடச் சொல்லுங்கள். அதில் 70ஆம் நிலை வரை காசின்றி ஆடலாம். ஆனால் ஆட்டக்காரர்களின் சந்தையான சந்தைப் பலகையைப் பயன்படுத்த முடியாது, மற்றவரோடு பொருள் மாற்ற முடியாது, அந்த விளையாட்டின் நாணயமான கில்லை 300,000க்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. இலவசப் பதிப்பில் அழகாக உடுத்தி நிற்பவர் எல்லாரும் தாமே பறித்து, தாமே நெய்து, தாமே குகைக்குள் போய் எடுத்து உடுத்தியவர்கள்.